பாராசூட்காரரிடம் கதை கேட்பது எப்படி

போருக்குப் போய் வந்தவரிடம் "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது பள்ளிக்கூட விழாவுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பதிலாகத்தான் இருக்கும். என் அப்பாவை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். சென்னிமலைப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவருக்குப் "பாராசூட்காரர்" என்று பெயர். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் அவர் எங்கே குதித்தார், எதற்குக் குதித்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. சீனாக்காரனோடு சண்டை என்பார் ஒருவர். கார்கில் என்பார் இன்னொருவர். கார்கில் சண்டை நடந்தபோது அப்பா ஓய்வுபெற்று வந்து தறி போட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

தறிக்குழிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். 1967இல் கோவையில் ஆள் எடுத்தபோது போய் நின்றார், தேறிவிட்டார். லக்னோவில் ராணுவ மருத்துவப் பிரிவின் பயிற்சி மையத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் வேலை பழகினார். பாரா என்னும் பாராசூட் படைக்கு யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. தானாக முன்வந்தால்தான் உண்டு. கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்பதால்தான் முன்வந்ததாக அப்பா இன்றும் சொல்கிறார். ஆக்ராவில் ஐந்து முறை குதித்துக் காட்டி விங்ஸ் என்ற சிறகுச் சின்னமும் மெரூன் தொப்பியும் வாங்கினார். சேர்ந்த இடம் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்.

அந்தப் பிரிவின் பெயரைத் தமிழர்கள் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்கலாம். கொரியப் போருக்கு 1950இல் இந்தியா சண்டை போட ஆள் அனுப்பவில்லை. இந்த மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. அழைத்துப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழ் மருத்துவர். 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். 1951 மார்ச் 23 அன்று கொரியாவின் முன்சானில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து இந்தப் பிரிவின் ஒரு சிறு குழுவும் வானிலிருந்து இறங்கியது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. நம் பள்ளிப் பாடங்களில் இவர் பெயரை நான் பார்த்ததில்லை.

அப்பாவின் முறை 1971இல், பாகிஸ்தானோடு நடந்த போரில் வந்தது. டிசம்பர் 11 மாலை, இன்றைய வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியில் இரண்டாவது பாரா பட்டாலியன் குதித்தது. அது மராட்டியர்களின் பட்டாலியன். கூடவே பீரங்கி, சாப்பர் எனும் பொறியாளர், சிக்னல், மருத்துவம் என்று துணைக்குழுக்களும் குதித்தன. வடக்கே ஜமால்பூர், மைமன்சிங் பக்கமிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தான் படையை, லோஹாஜங் ஆற்றின் மேலுள்ள பூங்லி பாலத்தில் மறிக்க வேண்டும். அன்றிரவே பாலம் கைக்கு வந்தது. விடிய விடியச் சண்டை. மறுநாள் மாலை வடக்கிலிருந்து வந்த மராத்தா காலாட்படை இவர்களோடு சேர்ந்துகொண்டது. 16ஆம் தேதி டாக்காவுக்குள் முதலில் நுழைந்ததும் இதே இரண்டாவது பாராதான்.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பா வாயிலிருந்து பல வருடங்களாக வந்தது ஒரே வரி: "குதித்தோம், இறங்கினோம், வேலையைப் பார்த்தோம்."

அந்த வரியைத் தாண்டிப் போக வைத்தவள் என் மகள். கோவையில் நர்சிங் படிக்கிறாள். ஒரு விடுமுறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "அப்புச்சி, வலிக்கு மார்ஃபின் ஊசி போட்ட ஆளை அடுத்த இடத்துக்கு அனுப்பும்போது, ஏற்கெனவே போட்டாயிற்று என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஆள்காட்டி விரலால் தன் நெற்றியில் ஆங்கில எம் எழுத்தை எழுதிக் காட்டினார். அதன் கீழேயே ஊசி போட்ட நேரத்தையும் எழுதிவிட வேண்டுமாம். சட்டைப் பொத்தானில் கட்டும் அட்டையிலும் எழுதுவார்கள். ஆனால் அட்டை அறுந்து விழலாம், நெற்றி எங்கேயும் போகாது. காயத்துக்குக் கட்டுப் போடும்போது முதலில் அந்தச் சிப்பாயின் பையிலிருக்கும் ஃபீல்ட் டிரஸ்ஸிங்கைத்தான் எடுக்க வேண்டும், தன் பையில் கை வைக்கக் கூடாது. ஏனென்றால் அடுத்து வருகிறவனிடம் இருக்குமோ இருக்காதோ. இருட்டில் எப்படி எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். கம்பளியை இரண்டு பேர் தலைமேல் பிடித்துக்கொள்ள, அதற்குள் டார்ச் அடித்து எழுதினார்களாம். அங்கிருந்து பேச்சு தானாக ஓடியது. மருந்துப் பெட்டியோடு இறங்கிய பாராசூட் ஒன்று குளத்தில் விழுந்தது. கிராமத்து ஆட்கள் "ஜெய் பங்ளா" என்று கத்திக்கொண்டே கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அதை இழுத்து வந்தார்கள். நனையாமல் தப்பியவற்றை ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பிரித்து வைத்தார்கள். அந்த வீட்டுக்காரப் பெண் பொரி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

அதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட வழி: மனதைப் பற்றிக் கேட்காமல் கையைப் பற்றிக் கேட்பது. "பயமாக இருந்ததா?" என்றால் "இல்லை" என்று முடிந்துவிடும். "விமானத்தில் உங்களுக்கு முன்னால் நின்றவர் யார்?" என்றால் ஓர் ஆள் எழுந்து வருவார், அவர் ஊர் வரும், அவர் திரும்பி வந்தாரா என்பதும் வரும். பை எவ்வளவு கனம், அதை எந்தக் காலில் கட்டினார்கள், தரையில் இறங்கியதும் முதலில் எதைத் தேடினார்கள் என்றெல்லாம் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் சமையல்காரராகவோ டிரைவராகவோ இருந்திருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டவர்களிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூட மேடைகளைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. போரில் வென்ற நாளான டிசம்பர் 16 வந்தால் கூப்பிடுவார்கள். பொன்னாடை, ஐந்து நிமிடம், கைதட்டல். ஒரு பள்ளியில் அப்பா, காயத்தோடு பிடிபட்ட பாகிஸ்தான் சிப்பாய்க்குக் கட்டுப் போட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கை மெதுவாக வாங்கி, அடுத்தது மாணவிகளின் நடனம் என்று அறிவித்துவிட்டார். வரும் வழியில் அப்பா சொன்னார்: "ஃபீல்ட் ஆம்புலன்ஸில் எந்தப் பட்டாளத்து ஆள் என்று பார்த்து எடுப்பதில்லை கண்ணு. யார் முந்திச் செத்துப்போவான் என்று பார்த்துத்தான் எடுப்போம்." மேடையில் அதைச் சொல்ல விட்டிருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். நினைவுகளைச் சேகரிக்க நினைக்கிறவர்கள் மேடையை நம்ப வேண்டாம். திண்ணை போதும், மைக் வேண்டாம்.

இன்னொரு சங்கதி எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தும். அப்பாவின் பட்டாள வாழ்க்கை முழுவதும் இந்தியில் நடந்தது. உத்தரவு, வசவு, வேடிக்கை எல்லாம் அதில்தான். கோலாப்பூர் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். பட்டாலியனில் சிப்பாயாக இருந்தவர். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 11 அன்று இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். ஊரில் அளந்து பேசும் மனிதர் அன்றைக்கு வாய் ஓயாமல் பேசுவார், கெட்ட வார்த்தை உட்பட. எனக்கு இந்தி தெரியாது. எங்களைப் போன்ற வீடுகளில் பலருக்கும் தெரியாது. ஆகவே இருவரிடமும் சம்மதம் கேட்டு, பேசும்போது ஒலிப்பதிவு செய்தோம். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன் அதைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தான். தன் அப்பாரு இப்படியெல்லாம் சிரிப்பார் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியவரைத் தமிழில் சொல்லச் சொல்லி நெருக்காதீர்கள். கூட இருந்தவரை எப்படியாவது தேடிப் பிடித்து இருவரையும் பேச விடுங்கள். இடையில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

கூட இருந்தவர் கிடைத்தால் சண்டையும் வரும். அந்த இரவு கும்மிருட்டு, கை தெரியவில்லை என்பது அப்பாவின் கட்சி. நிலா வெளிச்சத்தில் எதிராளியின் வண்டி வரிசையைப் பார்த்தேன் என்பது கோலாப்பூர்காரரின் கட்சி. பல ஆண்டுகளாகத் தீராத வழக்கு. பஞ்சாங்கக் கணக்கைப் பார்த்தேன். அது தேய்பிறை; நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான் எழுந்திருக்கிறது. முன்னிரவில் குளத்தோரம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இருட்டு, பின்னிரவில் பாலத்தருகே காவல் நின்றவருக்கு நிலா. இரண்டையும் எழுதி வைத்தாயிற்று. வயதானவர்களின் நினைவில் இப்படி முரண் வரும்போது ஒருவரைப் பொய்யராக்கிவிடாமல், முதலில் யார் எங்கே, எத்தனை மணிக்கு நின்றார் என்று பாருங்கள். நாள் கிடைத்துவிட்டால் நிலாவைச் சரிபார்ப்பது எளிது.

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பட்டாளத்துக்காரர் வீடு என்றால் வருகிறவர்கள் அவரைப் பார்த்துத்தான் நாற்காலியைத் திருப்பிப் போடுவார்கள். அம்மா காபி கொண்டுவருவார். 1971இல் அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமனார் வீட்டில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டு வந்தவர்கள் "ஐயாயிரம் பேர் குதித்திருக்கிறார்களாம்" என்றார்கள். கணவர் அந்த ஐயாயிரத்தில் உண்டா என்பது தெரியாது. முகவரியில் ஊர்ப் பெயரே கிடையாது, 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண்தான் இருக்கும். தந்தி வந்தாலும் கொண்டுவருவது அதே தபால்காரர் என்பதால், அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாராம். மணியார்டர் வந்தால் கையெழுத்துப் போட மாமியார் கூப்பிட்டாலும் உடனே வர மாட்டாராம்.

போர் முடிந்த பிறகு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. நலம் என்று ஒரு வரி. மீதியெல்லாம் வெள்ளாடு குட்டி போட்டதா, கூரைக்கு ஓலை மாற்றினார்களா என்ற விசாரணை. போரைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதால் இப்படிப்பட்ட கடிதங்களைப் பல வீடுகளில் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். முத்திரையில் தேதி இருக்கும், ராணுவத் தபால் நிலையத்தின் எண் இருக்கும். ஆள் எந்த மாதம் எங்கே இருந்தார் என்பதைப் பின்னால் ஒட்டிப் பார்க்க அவை போதும். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தால் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். விரித்து, படம் எடுத்து, காகித உறையில் வையுங்கள்.

மனைவியரிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். அப்பா பக்கத்தில் இருந்தால், "அது ஜனவரி இல்லை, பிப்ரவரி" என்று குறுக்கே வருவார். அம்மா அத்தோடு நிறுத்திக்கொள்வார். அப்பா சந்தைக்குப் போன நேரங்களில், அம்மா கையில் ஏதாவது வேலை வைத்திருக்கும்போது கேட்டதுதான் இவ்வளவும். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது போர் பற்றியதே அல்ல. விடுமுறையில் வந்த அப்பா டவுன் பஸ்ஸிலிருந்து படியில் கால் வைக்காமல், முட்டிகளை ஒட்டி வைத்து இரண்டு காலையும் சேர்த்தே குதிப்பாராம். பாராசூட்டில் இறங்கும்போது காலையும் முட்டியையும் சேர்த்து வைத்தால்தான் எலும்பு முறியாது. பயிற்சியில் ஊறிய பழக்கம். ஊரே பார்க்கிறது என்று அம்மா தலையைக் குனிந்துகொள்வாராம்.

ஐயாயிரம் என்ற எண் அன்றைக்கு உலகம் முழுவதும் செய்தியில் ஓடியது. உண்மையில் குதித்தது ஒரு பட்டாலியனும் துணைக்குழுக்களும்தான். அந்த எண்ணில் கால் பங்குகூட இல்லை. பெரிய படை இறங்கிவிட்டது என்று டாக்காவில் இருந்தவர்கள் நம்பியதில் இந்தியாவுக்கு லாபம்தான். பத்திரிகைகளில் வந்த பாராசூட் படமும் அப்படியே. ராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்த ராமமோகன ராவ் கொடுத்த அந்தப் படம், ஆக்ராவில் முன்பு நடந்த பயிற்சியில் எடுத்தது. அது தெரியாமல் தாத்தா அதை வெட்டி, கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். "அது நாங்கள் டாங்காயிலில் இறங்கியதல்ல" என்று அப்பா ஒரு நாள் சொன்னதும் தம்பி கழற்றப் போனான். "விடு, ஆக்ராவிலும் நான்தானே குதித்தேன்" என்று அப்பா தடுத்துவிட்டார். படம் அங்கேயே இருக்கிறது. பின்பக்கத்தில் உண்மையைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி தாள்கள். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு இன்றைக்கே உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் நல்லது. அப்பாவின் படைப்பிரிவில் இருந்த ஒருவர் தாராபுரம் பக்கத்தில் இறந்துபோனார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் எளிதில் வரவில்லை. காரணம் பெயர். நம் ஊர்ப் பெண்களின் பெயரில் வரும் "ஆத்தாள்" என்ற பின்பாதி, அந்தக் காலத்தில் வடநாட்டுக் குமாஸ்தா ஒருவர் கையில் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ராணுவப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. கணவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் தீர்ந்திருக்க வேண்டியதை, அவர் போன பிறகு அந்த அம்மாள் சான்றிதழ் சான்றிதழாக அலைந்து நிரூபிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் அம்மாவின் பெயரும் அப்படித்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ. என்று சொல்லும் ஓய்வூதிய ஆணையையும் ஆதாரோடு பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், இனிஷியல் விரிவு, மனைவியின் பிறந்த தேதி ஆகிய மூன்றிலும்தான் பெரும்பாலும் வேறுபாடு வரும். ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாறியிருப்பதால், சின்ன வேறுபாட்டைக்கூடக் கணினி விட்டுக்கொடுக்காது. திருத்தத்துக்கு முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் முன்னாள் சிப்பாய் ஒருவர் இருப்பார். எந்தத் தாளை எந்த ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார். அப்பாவின் பிரிவுக்கு அது லக்னோவில் இருக்கிறது. போகும்போது பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா நிமிர்ந்து நின்று தன் ராணுவ எண்ணைச் சொன்னதும், அதுவரை என்னிடம் நாளைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

எண் மறந்துபோன வீடுகளும் உண்டு, குறிப்பாகப் பெரியவர் காலமாகிவிட்ட வீடுகள். அப்போது பதக்கத்தைத் தேடுங்கள். 1971இல் பணியில் இருந்தவர்களுக்குச் சங்ராம் மெடல் கொடுத்தார்கள்; கிழக்குக் களத்தில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும் உண்டு. சங்ராம் மெடலின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் அம்மா புளி போட்டுத் தேய்த்ததில் கடைசி இரண்டு இலக்கங்கள் மங்கிவிட்டன. மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

அம்மாவின் பெயர் திருத்தப்பட்ட தாள் வந்த அன்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "ஏனுங்க, உங்கள் பட்டாளத்துக்கு இப்போதுதான் என்னைத் தெரிந்திருக்கிறது" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாராவில் இருந்தவர்களில் முட்டி வலி இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. இப்போது ஓய்வுபெறப்போகிற பிள்ளைகள் வெளியே வரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், ஊருக்குப் போகிற அவசரத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வலியைத் தாளில் ஏற்றிவிட்டு வாருங்கள்.

வருகிற டிசம்பர் 11ஐத் தொலைபேசியில் முடிக்காமல் நேரில் வைத்துக்கொள்ளலாம் என்று கோலாப்பூர்காரர் சொல்லியிருக்கிறார். மனைவியையும் அழைத்துவருகிறார், அவரிடம் பேச அம்மாவுக்கு இந்தி தெரியாது, பேத்தி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். சென்னிமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது கோலாப்பூர்காரரின் ஆசை. 1,320 படிகள் என்று கேட்டதும் தொலைபேசியிலேயே முனகினாராம். வண்டி போக மலைப்பாதை இருக்கிறது என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.